முத்துலட்சுமி அம்மா



கர்ப்பமான பெண்ணுக்கு அரசாங்கம் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கொடுக்கிற 18,000 ரூபாய் உதவி நம்ம எல்லாருக்கும் தெரியும். பிக்மி நம்பர் வாங்கினியா, நர்ஸம்மாகிட்ட பதிஞ்சியா என்று குழுக் கூட்டத்திலேயே விசாரித்துக் கொள்கிறோம். அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரை வைத்திருக்கிறார்கள். யார் அந்த அம்மா என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கூட்டமைப்பில் கேட்டபோது, இவரைப் பற்றியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பாவின் உறவுக்காரர்கள் அம்மாவைத் தங்களில் ஒருத்தியாக ஏற்றுக் கொள்ளவில்லை. அம்மாவைப் பற்றி ஊர் பேசும் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளை அது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் சட்டசபையில் அவர் போட்ட சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மாவுக்கு மகளைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. அப்பா விடவில்லை, வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மெட்ரிக் பாஸ் செய்தபின் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டார்கள். ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா, அதிலும் இந்தக் குடும்பத்துப் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக் கொள்ளச் சொன்னார். அதோடு வாயடைத்துப் போனது ஊர்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். இவரை இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் 1886-லேயே டாக்டர் ஆகிவிட்டார்கள், அதாவது முத்துலட்சுமி பிறந்த வருஷத்தில். முதல் என்ற பட்டம் இல்லாவிட்டாலும் இந்த அம்மாவுக்கு ஒன்றும் குறைவில்லை.

கல்யாணக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1914-ல், 27 வயசில், டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டார். தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும், தான் செய்ய விரும்புவதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ரெட்டி ஒத்துக்கொண்டார். கட்டின பிறகு மறக்கவும் இல்லை. லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கே வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிற நம்ம தோழிகள், நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் இப்படிக் கேட்டு வாங்கினாள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் பிள்ளைகள். பெரிய குடும்பம், உறவும் நிறைய. நடிகர் ஜெமினி கணேசனுக்குக் கூட இவர் அத்தை முறை.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. கூடப் பிறந்த தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீதபேதி என்று சொல்லி அதற்கே மருந்து கொடுத்து வந்தார்கள். குடலில் கேன்சர் என்று தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டர், அத்திம்பேர் டாக்டர். அந்த வீட்டுப் பெண்ணையே காப்பாற்ற முடியவில்லை. (இந்த இடத்தில் நம்ம தோழிகளுக்கு ஒன்று. மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று நாமாக முடிவு செய்து நாட்டு மருந்து சாப்பிட்டுக் கொண்டிருக்க வேண்டாம், காட்டிவிடுங்கள். மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருப்பவர்கள் நம்ம குழுக்களில் இன்னும் இருக்கிறார்கள்.)

1925-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார். தனியாகப் போகவில்லை. கணவரும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போனார்கள். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்கப் போனவர், லண்டனில் கேன்சருக்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதையும் பார்த்தார். நம்ம ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் இந்திய மாதர் சங்கத்தார் அவர் பேரைச் சென்னைச் சட்டசபைக்குச் சொன்னார்கள். மருத்துவ வேலை கெட்டுப் போகுமே என்று முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டு அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். துணைத் தலைவராகவும் எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே அவர் கையில் எடுத்தது பொட்டுக்கட்டும் வழக்கத்தை. சிறு பெண்ணைக் கோயிலுக்கு என்று பொட்டுக் கட்டிவிட்டால் அவளுக்குக் கல்யாணம் கிடையாது. யாராவது பணக்காரரை அண்டித்தான் வாழ்க்கை. இது பாவம் என்று பேசிவிட்டுப் போவது சுலபம். முத்துலட்சுமி அம்மா கெட்டிக்காரி, நிலத்தைப் பார்த்தார். கோயில் பணிக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் கொடுத்திருந்தார்கள். பணியை விட்டால் நிலம் போய்விடும். பிறகு எந்தத் தாய் மகளை விடுவிப்பாள்? அதனால் 1929-ல் வந்த சட்டத் திருத்தத்தில், கோயில் பணியை விட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்று வழி செய்தார். வயிற்றுப் பிழைப்புக்கு வழி பண்ணாமல் ஒரு பெண்ணை எதிலிருந்தும் மீட்க முடியாது. இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. சபையில் இருந்த பெரிய மனிதர்கள் எதிர்த்தது போக, அம்மாவின் சமூகத்துப் பெண்களிலேயே பலர் எதிர்த்து மனு கொடுத்தார்கள். எங்கள் பாட்டும் ஆட்டமும் மரியாதையும் போகுமே என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வெளியே நின்று துணை கொடுத்தவர்களில் முக்கியமானவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். இந்தப் பேரையும் நாம் திட்டத்தின் பேராகத்தான் கேட்டிருக்கிறோம். பொட்டுக்கட்டுவதையே முழுசாகத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. தொடங்கி இருபது வருஷம் ஆனது. முத்துலட்சுமி அம்மாவோ 1930-லேயே, காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்துப் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்திருந்தார்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த சில பெண் பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் சேர்க்கப் பார்த்தார், எந்தப் பிறப்பு என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். சரி, இங்கேயே இருங்கள் என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பின்னால் அடையாறில் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்தது. அவரைத் தன் பாட்டி மாதிரி நினைத்த பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர் படித்து ஆளானார்கள்.

கேன்சர் ஆஸ்பத்திரியை அவர் விடவே இல்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் கேட்டார். பணம் இல்லை, தேவையும் இல்லை என்ற பதில்தான். கடைசியில் மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்ட ஆரம்பித்தார். வீடு வீடாக, ஆள் ஆளாகக் கேட்டு வாங்கிய பணம். சந்தா வசூலிக்கப் போகும்போது சில வீடுகளில் நமக்குக் கிடைக்கிற முகத்தை நினைத்துப் பாருங்கள். அறுபது வயசைத் தாண்டியவர் அப்படிப் போய் நின்றார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல், தங்கை போய் முப்பது வருஷம் கழித்து, அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே டாக்டராக நின்றார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

1956-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி அம்மா காலமானார். 82 முடிய எட்டு நாள் பாக்கி. மகனும் சாந்தா அம்மாவும் தங்கள் ஆயுள் பூராவும் அந்த ஆஸ்பத்திரியிலேயே கழித்தார்கள். சாந்தா அம்மா 2021-ல் இறக்கும் வரைக்கும் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.