ரூபாய் நோட்டில் கையெழுத்திட்டவர், பம்பாய்க்காகப் பதவியைத் துறந்தவர்: சி.டி.தேஷ்முக்

பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் நிறைந்திருந்த காலத்தில், தோட்டத்தில் பால் மரம் வெட்டிச் சேர்த்த வெள்ளி, ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குப் போய்ச் சேரும்போது ரூபாயாக மாறியிருக்கும். 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய இடங்களுக்கு அடுத்தபடியாகப் பினாங்கில் கிளை திறந்ததற்கும் இந்தப் பணப் போக்குவரத்தே காரணம். ஆனால் அந்த ரூபாய்க்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, அதை யார் காக்கிறார்கள் என்று பலரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த வேலை பம்பாயில் இருந்த இந்திய ரிசர்வ் வங்கியினுடையது. 1935இல் தொடங்கப்பட்ட அந்த வங்கியின் முதல் இரண்டு கவர்னர்களும் வெள்ளைக்காரர்கள். மூன்றாவதாக அந்த நாற்காலியில் அமர்ந்தவர்தான் முதல் இந்தியர். ரிசர்வ் வங்கியின் நோட்டில் கவர்னராகக் கையெழுத்திட்ட முதல் இந்தியரும் அவரே. அவர் பெயர் சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக். பின்னாளில் இந்தியாவின் நிதியமைச்சராகி, தன் மொழி மக்களின் நகரத்துக்காக அந்தப் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

மரம் செடி படித்த மாணவர்

தேஷ்முக் 1896ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, மராட்டிய நாட்டில் ராய்கட் கோட்டைக்கு அருகே உள்ள நாத்தே என்ற ஊரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். 1912இல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் முதல் மாணவராகத் தேறி, சமஸ்கிருதத்துக்கான ஜகன்னாத் சங்கர்சேட் உபகாரச் சம்பளத்தையும் பெற்றார்.

பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்தார். அங்கே அவர் எடுத்த பாடங்கள் தாவரவியல், வேதியியல், நிலவியல். பொருளாதாரம் அதில் இல்லை. 1918இல் லண்டனில் நடந்த ஐ.சி.எஸ். தேர்வில் முதலிடம் பிடித்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு போட்டியிட்டு முதலிடம் பெறுவது அந்தக் காலத்தில் சிறிய காரியம் அல்ல.

ஊர் திரும்பியவருக்கு மத்திய மாகாணத்தில் வேலை. அங்கே 20 ஆண்டுகளுக்கு மேல் நிர்வாகத்தில் இருந்தார். 1931இல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டிலும் செயலாளர்களில் ஒருவராகப் பணிபுரிந்தார். காந்தி கலந்துகொண்ட மாநாடு அது.

போர்க்காலக் கணக்கு

1939இல் ரிசர்வ் வங்கிக்கு வந்த தேஷ்முக், 1941இல் துணை கவர்னரானார். கவர்னராக இருந்த சர் ஜேம்ஸ் டெய்லர் 1943இல் காலமானதும், அந்த ஆண்டு ஆகஸ்டில் தேஷ்முக் கவர்னரானார். மறு ஆண்டு அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது.

மலாயாத் தமிழர்களுக்கு அந்த ஆண்டு மறக்க முடியாதது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்ததில் இருந்து ஊரோடு இருந்த தொடர்பு அறுந்து போயிருந்தது. பணமும் போகவில்லை, கடிதமும் வரவில்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்துப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். அதே வேளையில் பம்பாயில், பிரிட்டிஷ் அரசின் கீழ் ஓர் இந்தியர் நாட்டின் பணப்பெட்டிச் சாவியை முதன்முதலாகக் கையில் வாங்கினார். இருவரும் இந்தியருக்குத்தான் உழைத்தார்கள். ஒருவர் வெளியே இருந்து கதவை உடைக்கப் பார்த்தார், மற்றவர் உள்ளே இருந்து கணக்கைக் காத்தார்.

அந்தக் கணக்கு எளிதானது அல்ல. போருக்கு வேண்டிய துணி, தானியம், தளவாடங்களைப் பிரிட்டன் இந்தியாவில் வாங்கியது. கையில் காசு கொடுக்கவில்லை. தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வைப்பது போல, லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுனாக எழுதி வைத்தது. அந்தப் பற்றைக் காட்டி ரிசர்வ் வங்கி இந்தியாவில் ரூபாய் நோட்டு அச்சிட்டது. நோட்டு பெருகியது, சரக்கு பெருகவில்லை. விலைவாசி ஏறியது, ஏழைகள் வாடினார்கள். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்த பற்று சுமார் 130 கோடி பவுன்.

நோட்டுக்குப் பின்னால் ஒரு பலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மலாயா மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமானது. பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்கள் அடுப்பெரித்தார்கள். இந்திய ரூபாய்க்கு அந்தக் கதி நேரவில்லை. லண்டனில் எழுதியிருந்த பற்றை வசூலிக்க வேண்டும் என்பதே தேஷ்முக்கின் அடுத்த கவலையாக இருந்தது.

1944 ஜூலையில் அமெரிக்காவில் உள்ள பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில் 44 நாடுகள் கூடின. அனைத்துலகப் பண நிதியமும் உலக வங்கியும் அந்த மாநாட்டில்தான் உருவாயின. இந்தியக் குழுவில் தேஷ்முக்கோடு கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் இருந்தார். பிரிட்டன் வைத்திருந்த கடனைத் தீர்க்க ஒரு வழி செய்யுங்கள் என்று இந்தியா கேட்டது. பிரிட்டன் சார்பில் வந்திருந்த கெய்ன்ஸ் இசையவில்லை. கோரிக்கை தோற்றது. ஆனாலும், இன்னும் விடுதலை பெறாத ஒரு நாடு உலகச் சபையில் தன் பற்றைக் கேட்டு நின்றது. நிதியத்தில் 40 கோடி டாலர் பங்கும் இந்தியாவுக்குக் கிடைத்தது.

நாடு பிரிந்தபோதும் பணம் உடனே பிரியவில்லை. 1948 ஜூன் 30 வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ரிசர்வ் வங்கி ஒன்றே பொதுவாக இருந்தது. எல்லையில் ரத்தம் ஓடிய நாட்களில் இரு அரசுகளின் கணக்கையும் ஒரே அலுவலகம் பார்த்தது. 1949 ஜனவரி 1ஆம் தேதி வங்கி அரசுடைமையானது. அதே ஆண்டு ஜூன் மாதத்தோடு தேஷ்முக் விடைபெற்றார்.

கட்சி இல்லாமல் வந்த அமைச்சர்

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் சண்முகம் செட்டியார். அடுத்தவர் ஜான் மத்தாய். 1950இல் மத்தாய் விலகியதும் பிரதமர் நேரு தேஷ்முக்கை அழைத்தார். தேஷ்முக் சிறைக்குப் போனவர் அல்ல, கதர் கட்டி ஊர்வலம் போனவரும் அல்ல. பிரிட்டிஷ் அரசின் சர் பட்டம் வாங்கியவர். அவர் கையில் இந்தியாவின் கஜானாவைக் கொடுத்தது பலருக்கு வியப்பாக இருந்தது. 1952 பொதுத் தேர்தலில் தன் சொந்த மாவட்டமான கொலாபாவில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார்.

அவர் அமைச்சராக இருந்த ஆறு ஆண்டுகளில் செய்தவை இன்றும் இந்தியாவில் நிற்கின்றன. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1951இல் தொடங்கியது. 1955 ஜூலை 1ஆம் தேதி இம்பீரியல் வங்கி, ஸ்டேட் வங்கியாக மாறியது. ஐந்து ஆண்டுகளில் 400 புதிய கிளைகளைத் திறக்க வேண்டும் என்று அதற்குக் கட்டளை. பெரிய துரைமார்களுக்கும் கம்பெனிகளுக்கும் சேவை செய்த வங்கி, சிறு பட்டணங்களுக்கும் போகத் தொடங்கியது.

1956 ஜனவரி 19ஆம் தேதி ஆயுள் காப்புறுதித் தொழிலை அரசு கையில் எடுத்தது. முன்கூட்டியே தெரிந்தால் கம்பெனிகள் பணத்தை நகர்த்திவிடும் என்பதால், விஷயம் ரகசியமாக வைக்கப்பட்டு, இரவில் வானொலியில் தேஷ்முக்கே அறிவித்தார். 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி ஆயுள் காப்புறுதிக் கழகம் உருவானது. ஆனால் அந்தக் கழகம் செப்டம்பர் 1ஆம் தேதி பிறந்தபோது அவர் அமைச்சராக இல்லை.

சென்னையும் பம்பாயும்

அதற்குக் காரணம் பம்பாய். அந்தக் கதையைத் தமிழர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னைக்கும் அதே ஆபத்து வந்தது.

பொட்டி ஸ்ரீராமுலு 1952இல் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்ததும், ஆந்திரா தனி மாநிலமாவது உறுதியானது. சென்னை யாருக்கு என்ற வழக்கு சூடு பிடித்தது. கடைசியில் சென்னை தமிழருக்கே நின்றது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரா பிறந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் தேஷ்முக் இரண்டாவது முறையாகத் திருமணம் செய்துகொண்டார். முதல் மனைவி ரோசினா என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1949இல் காலமாகியிருந்தார். புது மனைவி துர்காபாய் தெலுங்கர். சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர், சென்னையில் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கியவர். மொழி வழி மாநிலம் என்றால் என்ன என்பது அந்த வீட்டுக்குள்ளேயே தெரிந்த விஷயம்.

பம்பாயில் மராட்டியர் அதிகம். ஆனால் ஆலைகளும் வணிகமும் பெரும்பாலும் மற்றவர்கள் கையில். 1956 ஜனவரியில் பம்பாய் நகரம் மராட்டியருக்கும் இல்லை, குஜராத்தியருக்கும் இல்லை, மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருக்கும் என்று அரசு முடிவு செய்தது. நகரம் கொந்தளித்தது. போலீசார் சுட்டார்கள். பலர் மாண்டார்கள். அந்தப் போராட்டம் முடியும்வரை உயிரிழந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

தேஷ்முக்குக்கு இரண்டு குறைகள். இவ்வளவு பெரிய விஷயம் அமைச்சரவையில் முறைப்படி ஆராயப்படாமல் முடிவானது என்பது ஒன்று. துப்பாக்கிச் சூடு பற்றி விசாரணை வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அவர் எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை. 1956 ஜூலையில் பதவி விலகி, நாடாளுமன்றத்தில் எழுந்து காரணங்களை வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சரவையைக் கலக்கவில்லை என்ற குற்றச்சாட்டை நேரு ஏற்கவில்லை. தேஷ்முக்கின் இடத்துக்குச் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி வந்தார்.

நேருவின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த நேரம் அது. தேஷ்முக்குக்குப் பின்னால் கட்சியும் இல்லை, தொண்டர் படையும் இல்லை. எண்ணிக்கையில் கெட்டிக்காரரான அவருக்குத் தன் பலம் எவ்வளவு என்று நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனாலும் தன் மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிறகு, அவர்கள் மொழி பேசுவோர் சுடப்படும்போது கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை.

பம்பாய் உடனே கிடைக்கவில்லை. முதலில் குஜராத்தையும் சேர்த்து இருமொழி மாநிலம் அமைத்தார்கள். போராட்டம் தொடர்ந்தது. 1960 மே 1ஆம் தேதி பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரா பிறந்தது.

பதவி போன பிறகு

விலகியவர் வீட்டில் முடங்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக 1961 வரை இருந்தார். 1962 முதல் 1967 வரை டில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். டில்லியில் இந்திய சர்வதேச மையத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1959இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஓய்வு நேரத்தில் சமஸ்கிருதக் கவிதை எழுதினார், தோட்டம் போட்டார். கேம்பிரிட்ஜில் படித்த செடி கொடி கடைசிவரை கைவிடவில்லை.

1969இல் மீண்டும் ஒருமுறை தேசிய அரசியலுக்கு வந்தார். குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானதால் நடந்த தேர்தலில், சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் அவரை நிறுத்தின. காங்கிரஸ் இரண்டாகப் பிளக்கக் காரணமான தேர்தல் அது. முதல் சுற்றில் வி.வி.கிரி 4,01,515, சஞ்சீவ ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணி, கிரி வென்றார். தேஷ்முக்குக்கு அப்போது வயது 73.

1975இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1981இல் துர்காபாய் மறைந்தார். மறு ஆண்டு, காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2ஆம் தேதி, ஹைதராபாத்தில் தேஷ்முக்கும் கண்மூடினார்.

மக்கள் தலைவர் என்று சொல்லும்படி அவருக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்ததில்லை. அவர் நின்ற பெரிய போட்டியில் மூன்றாவதாக வந்தார். ஆனால் பதவியில் இருந்தபோது கணக்கைச் சரியாக வைத்தார், இருக்கக் கூடாது என்று தோன்றியபோது எழுந்து போனார். இரண்டும் சேர்ந்து ஒரே மனிதரிடம் அமைவது அரிது.

போர் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, பினாங்கில் இருந்து அனுப்பிய வெள்ளி தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ரூபாயாகக் கை மாறியது. அந்த நோட்டுகளில் ஒரு பக்கம் இங்கிலாந்து மன்னரின் தலை, கூடவே தேஷ்முக்கின் கையெழுத்து. வாங்கிய பாட்டன் பாட்டிகளில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அந்தக் கையெழுத்து ஏமாற்றாது என்ற நம்பிக்கையில்தான் அதை முந்தானையில் முடிந்து வைத்தார்கள்.