வள்ளல் கதைகளுக்குள் மறைந்த கலைவாணர்

சென்னை தியாகராய நகரில் நிற்கும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் சிறு குற்ற உணர்வு எழும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த கதைகளில் பத்துக்கு ஒன்பது, அவர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதாகவே இருக்கும். வாசலில் வந்து நின்றவருக்கு அள்ளிக் கொடுத்தது, கையில் காசில்லாத நாளிலும் இல்லை என்று சொல்லாதது என அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். அவர் மறைந்த பிறகு பிறந்தவன் நான். அவரை வள்ளலாகத்தான் முதலில் அறிந்தேன். அவருடைய கலையை அறிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர் கிருஷ்ணன். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வறுமை பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியது. நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டும், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவும் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. பாடவும் ஆடவும் மட்டுமல்லாமல், எதிரே இருக்கும் கூட்டத்தின் மனநிலையை அறியவும் அங்கேதான் கற்றார். எம்.ஜி.ஆர். அறிமுகமான ‘சதிலீலாவதி’ 1936இல் வெளியானபோது, அதில் இவரும் இருந்தார்.

அன்றைய படங்களில் நகைச்சுவை என்பது கதைக்கு இடையே வந்து போகும் இளைப்பாறல். கிருஷ்ணன் அதைத் தனித் தொழிலாக மாற்றினார். தன் பகுதிக்கான கதையைத் தானே உருவாக்கி, தன்னுடைய குழுவைக் கொண்டே அதைப் படமாக்கித் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தது பிறவி வரம் என்று சொல்லி நாம் எளிதில் நகர்ந்துவிடுகிறோம். எழுத்து, ஒத்திகை, இசை, படப்பிடிப்பு என அதன் பின்னே இருந்த உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை.

அந்த உழைப்பில் சரிபாதி டி.ஏ.மதுரத்துடையது. ‘வசந்தசேனா’ படத்தில் தொடங்கிய கலைத் துணை, வாழ்க்கைத் துணையாகவும் ஆனது. இருவரும் சேர்ந்து நடித்த காட்சிகளை இன்று பார்க்கும்போது என்னை வியக்கவைப்பது, அவற்றில் மதுரம் பேசும் அளவுதான். கணவனின் பேச்சுக்குத் தலையாட்டும் பெண்ணல்ல அவர். எதிர்க்கேள்வி கேட்பார், மடக்குவார், சில வேளைகளில் வெல்வார். பெண் கேலிப்பொருளாக மட்டுமே இருந்த இடத்தில் அவளும் வாதிடும் ஒருத்தியாக நின்றாள். எண்பது ஆண்டுகள் கழித்தும் நம் நகைச்சுவை இந்த இடத்தை முழுமையாக வந்தடைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

புகழின் உச்சியில் இருந்தபோதுதான் அந்த வழக்கு வந்தது. திரைத் துறையினரின் அந்தரங்கங்களை எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கிருஷ்ணனும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் அடுத்த மாதம் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் தலையிட்ட பிறகு மீண்டும் விசாரணை நடந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுவிக்கப்பட்டனர். செய்யாத குற்றத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை.

அந்த இரண்டு ஆண்டுகளும் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகங்களை நடத்தினார். வழக்குச் செலவுக்கும் வழிதேடினார். குழுவின் ‘பைத்தியக்காரன்’ நாடகம் படமாகிக்கொண்டிருந்தபோது விடுதலையானார் கிருஷ்ணன். அவருக்காகவும் அந்தப் படத்தில் ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. உடன் சிறையிருந்த பாகவதருக்குப் பழைய வெற்றி திரும்பக் கிடைக்கவே இல்லை. அவருடைய கலை, ரசிகர்கள் கொண்டிருந்த ஒரு பிம்பத்தைச் சார்ந்திருந்தது. அது உடைந்ததும் அவரைத் தாங்க எதுவும் இல்லை. கிருஷ்ணனின் கலைக்கு அழகிய பிம்பம் தேவைப்படவில்லை. அதைத் தாங்க ஒரு குழு இருந்தது, சொல்வதற்கு ஒரு கருத்தும் இருந்தது.

அந்தக் கருத்தின் முழு வடிவம், 1949இல் அண்ணாவின் எழுத்தில் வந்த ‘நல்ல தம்பி’. மதுவிலக்கைப் பேசிய அந்தப் படத்தில்தான் ‘கிந்தனார்’ காலட்சேபம் இடம்பெற்றது. நந்தனார் கதையைச் சொல்லும் பக்தி வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் கிருஷ்ணன். நந்தனார் தேடியது தில்லைக் கோயிலை. கிந்தன் தேடியது பள்ளிக்கூடத்தை. கல்வி மறுக்கப்பட்ட சிறுவன் நகருக்குப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். அதில் யாருடைய நிறமும் உடலும் மொழியும் கேலிக்கு உள்ளாவதில்லை. வழக்கம் என்ற பெயரில் நிற்கும் அநீதி ஒன்றுதான் அங்கே நகைப்புக்கு இடமாகிறது. சிறையின் கசப்பு வெளியே தெரியாத அந்தக் குரலைக் கேட்ட அன்றுதான், நான் அதுவரை அறிந்திருந்தது பாதி மனிதரை என்று புரிந்தது.

பின்னர் ‘மணமகள்’, ‘பணம்’ ஆகிய படங்களை இயக்கினார். பகுத்தறிவு இயக்கத்தின் நண்பராக இருந்துகொண்டே, காந்தியடிகளுக்கு நாகர்கோவிலில் தன் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். சிறையிலிருந்து வந்த பிறகு அவருக்குக் கிடைத்தவை பத்து ஆண்டுகள் மட்டுமே. 1957 ஆகஸ்ட் 30 அன்று, 49 வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். தியாகராய நகர் சிலையை 1969 ஜனவரி 14 அன்று திறந்துவைத்தவர் அண்ணா. மூன்று வாரத்தில் அவரும் மறைந்தார்.

2020 செப்டம்பரில், கரோனா காலத்தில் இடவசதி கருதி, தமிழகச் சட்டமன்றம் கலைவாணர் அரங்கத்தில் கூடியது. பள்ளிப் படிப்பை முடிக்க இயலாத, ஒருகாலத்தில் ஆயுள் தண்டனைக் கைதியாக இருந்த ஒரு நகைச்சுவை நடிகரின் பெயர் தாங்கிய கூடத்தில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அரசியல் செய்திகளுக்கு நடுவே அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கொடுத்த கைகளைப் போற்றுவது நல்லதுதான். ஆனால், ஈகையை மட்டும் சொல்லி ஒரு கலைஞரை வணங்கும்போது, அவருடைய கலை நம்மிடம் கேட்கும் கேள்விகளிலிருந்து தப்பித்துவிடுகிறோம். யாரைச் சிரிக்கவைக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பவை அந்தக் கேள்விகள். அடுத்த முறை அவர் பெயர் காதில் விழும்போது, வள்ளல் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல் கிந்தனாரையும் ஒருமுறை கேட்கலாம். அவர் கொடுத்ததில் இன்னும் செலவழியாமல் இருப்பது அதுதான்.