நகருக்கு நீர் வகுத்த விசுவேசுவரய்யா

பொன்முடி மலைக்குச் சென்று வரும் நம் குடியிருப்புக் குடும்பத்தினர் அடிவாரத்துக் கல்லாற்றில் கால் நனைக்காமல் திரும்புவதில்லை. மலைமேல் பெருமழை பெய்தால், தெளிந்த அவ்வாறே சிறிது நேரத்தில் ஆளை அடித்துச் செல்லும் வெள்ளமாகிவிடும். பிறகு வாமனபுரம் ஆற்றுடன் கூடிக் கடலுக்குப் போய்விடும். கோடையிலோ குடத்துடன் குழாயடியில் காத்து நிற்கிறோம். மிகுந்தால் அழிப்பதும், குறைந்தால் வாட்டுவதுமாகிய நீரை நகர மக்களுக்கு முறையாகப் பங்கிட வழிகண்ட பெரியார் ஒருவரை இவ்விழா நாளில் நினைவுகூர்கிறோம். அவரே சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

மைசூர் நாட்டு முத்தேனஹள்ளியில் 1861-இல் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டிப் பெங்களூரில் பயின்றார். புனாவில் பொறியியல் கற்று, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் தரும் பணி அவரிடம் வந்தது. ஆற்றுநீரோ கலங்கல், வடிகட்டும் தொட்டிகள் அமைக்க நகராட்சியிடம் பணமில்லை. அவர் ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டி, மணலூடே ஊறிவந்த தெளிநீரை இறைத்துக் குன்றின்மேல் ஏற்றினார். ஆற்று மணலே அந்நகருக்கு வடிகட்டியாயிற்று. புனா நகருக்கு நீரளித்த கடக்வாசலா அணையில், நீர்மட்டம் உயர்ந்தால் தாமே திறந்து, தாழ்ந்தால் தாமே மூடும் கதவுகளை 1903-இல் பொருத்தினார். அதனால் புதிய அணை கட்டாமலே கூடுதல் நீர் தேங்கியது. ஏடன் துறைமுக நகரின் குடிநீர்க்கும் கழிவுநீர்க்கும் 1906-இல் திட்டம் வகுத்தார்.

1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருகி ஐதராபாத் நகரை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிசாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. கரையை உயர்த்துவதோடு அவர் நிற்கவில்லை. ஊருக்கு மேலேயே வெள்ளத்தைத் தடுத்துத் தேக்குமாறு கூறினார். அவ்வாறே மூசியின்மீது உசுமான் சாகரும், அதன் துணையாறான ஈசியின்மீது இமாயத் சாகரும் 1920-களில் எழுந்தன. உயிர் குடித்த ஆற்றின் நீரையே அந்நகர் பல்லாண்டு குடித்து வாழ்ந்தது. கழிவுநீர் குடிநீரொடு கலவாதிருக்க நகருக்குச் சாக்கடைத் திட்டமும் அவர் தந்தார். வெள்ளம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து எண்ணிய அவருடைய பேரறிவை ஈண்டுக் காண்கிறோம்.

பின்னர் மைசூரின் தலைமைப் பொறியாளராகக் கிருட்டிணராச சாகர் அணைப் பணியைத் தொடங்கினார். 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். 1955-இல் பாரத ரத்னா விருது பெற்று, 1962 ஏப்ரலில் நூறாண்டு நிறைந்த முதியவராய் மறைந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 15-ஆம் நாளைப் பொறியாளர் நாளாக நாடு கொண்டாடுகிறது.

அணை கட்டுதல் நம்மால் ஆகாது. ஆயின் ஒழுகும் குழாயை அடைப்பதும், கூரை மழைநீரைக் கிணற்றுக்கு விடுவதும், ஓடையில் குப்பை கொட்டாதிருப்பதும் நம்மால் ஆகும். அடுத்த முறை குழந்தைகளுடன் கல்லாற்றில் இறங்கும்போது இப்பெரியாரின் கதையை அவர்களுக்குச் சொல்வோமாக.