குமரப்பா கொண்டுசென்ற பேனா

இந்திய விடுதலைப் போர் என்றதும் கைராட்டையும் கதராடையும் உப்பளமும் நம் மாணவர்தம் நினைவுக்கு வருகின்றன. ஊற்றுப்பேனாவும் அப்போரில் ஒரு களம் கண்டது என்று வகுப்பறையில் நாம் கூறும்போது அவர்கள் நம்மை ஐயத்துடன் நோக்குகின்றனர். அந்தக் களத்தில் நின்றவருள் ஒருவர் தஞ்சை மண் ஈன்ற தமிழர் ஜே. சி. குமரப்பா ஆவார். காந்தியப் பொருளியலின் ஆசான் என்று அவரை அறிந்தோர் பலர். அவரை ஒரு பேனாவின் வழியாக அறிவது இக்கட்டுரையின் நோக்கம்.

1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறை அலுவலர். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பதே அவருக்கு இட்ட பெயர். குமரப்பா என்னும் குடும்பப் பெயரைப் பின்னாளில்தான் அவர் மேற்கொண்டார். சென்னையில் பள்ளிக் கல்வி முடித்து, இலண்டன் சென்று கணக்காய்வுத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தை அங்கேயே கழித்தவர் நாடு திரும்பியதும் பம்பாயில் கணக்காய்வாளராக அமர்ந்தார். மேலைநாட்டு உடை, மேலைநாட்டு உணவு, மேலைநாட்டு ஒழுங்கு என அமைந்தது அக்கால வாழ்க்கை.

கணக்கர்க்கு மை என்பது விளையாட்டுப் பொருள் அன்று. இன்று எழுதியது ஐம்பது ஆண்டு கழித்தும் அழியாதிருத்தல் வேண்டும். நீர் பட்டாலும் எவரேனும் துடைக்க முயன்றாலும் எழுத்து நிற்க வேண்டும். இதன்பொருட்டு மேலைநாட்டார் பதிவேடுகளில் வழங்கிய மை, நம் நாட்டு மருந்துக்கடைக்காரர் நன்கறிந்த இரு சரக்குகளால் ஆனது. ஒன்று மாசிக்காய், மற்றொன்று அன்னபேதி. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் கூடிய நீர், எழுதும்பொழுது வெளிறித் தோன்றும். காற்றுப் பட்டதும் தாளின் நாருக்குள்ளேயே கறுத்து உறைந்துவிடும். பிறகு அதனைக் கழுவி எடுத்தல் அரிது. மாசிக்காய்க்கு மாற்றாகக் கடுக்காயையும் நம்மவர் பயன்படுத்தினர். இம்மையில் ஒரு குறையும் உண்டு. அதன் புளிப்பு இரும்பு நிப்பை அரித்துத் தின்னும். பொன் நிப்பு அப்புளிப்பைத் தாங்கும். பேனாக்களில் பொன் நிப்பு இடம்பெற்றமைக்கு இது முதன்மையான காரணம். இன்று மைப்பேனாவை விரும்பிப் பயன்படுத்துவோர் இவ்வகை மையை நிரப்பினால் வாரந்தோறும் கழுவுவதும் இதனால்தான்.

1927இல் அமெரிக்கா சென்ற அவர் சிரக்கூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர்ப் பேராசிரியர் செலிக்மன் வழிகாட்டுதலில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இந்தியாவின் பொது நிதியையும் நம் மக்களின் வறுமையையும் ஆராயப் புகுந்தவருக்கு, தாம் அதுகாறும் ஒழுங்காக எழுதிவந்த கணக்குகள் யாருடைய கணக்குகள் என்னும் கேள்வி எழுந்தது. அந்த ஆய்வேட்டைக் கையில் ஏந்தி 1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அதனைத் தம் இதழில் தொடராக வெளியிட்டார், ஆய்வாளரையும் விடவில்லை. குசராத்தின் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை ஆராயும் பணியில் அவரை இறக்கினார். பட்டும் மேலைநாட்டு உடையும் கதருக்கு இடங்கொடுத்தன. கணக்கர் மட்டும் மாறவே இல்லை.

அதற்குச் சான்று பீகார். 1934 சனவரி 15ஆம் நாள் அங்கு நேர்ந்த பெருநில நடுக்கத்தின் பின்னர், துயர்துடைப்பு நிதியின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பை இராசேந்திர பிரசாத் குமரப்பாவிடம் ஒப்படைத்தார். தொண்டர் ஒருவரின் ஒருநாள் உணவுக்கு மூன்று அணா என வரையறுத்தார் குமரப்பா. காந்தியடிகள் தம் குழுவினருடன் வந்தபோது அக்குழுவின் செலவைத் துயர்துடைப்பு நிதியிலிருந்து தர இயலாது என்றும் மறுத்துவிட்டார். அடிகள் அதனை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார் என்பது வரலாறு. தலைவரிடமே கணக்குக் கேட்கும் நெஞ்சுரம் எத்தனை பேர்க்கு வாய்க்கும்?

அவ்வாண்டு திசம்பரில் வார்தாவில் அனைத்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்த தாள், தேனீ வளர்ப்பு, தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என அச்சங்கம் தொடாத தொழில் சிலவே. அந்த வரிசையில்தான் பேனாவும் வந்து சேர்ந்தது.

கோதாவரிக் கரையில் உள்ள இராசமுந்திரியில் கே. வி. இரத்தினம் என்னும் தொழிலறிஞர் வாழ்ந்தார். நகை அச்சுகள் செய்துவந்த அவர் 1921இல் காந்தியடிகளைக் கண்டு, நாட்டுக்குப் பயன்தர எதனைச் செய்யலாம் எனக் கேட்டதாகவும், அடிகள் பேனா செய்யச் சொன்னதாகவும் கூறுவர். இரத்தினம் முதலில் செய்து அனுப்பிய பேனாவை அடிகள் ஏற்கவில்லை. அதில் அயல்நாட்டு உறுப்புகள் இருந்தன என்பதே காரணம்.

இதனை இன்று படிப்போர்க்கு அடிகளின் மறுப்பு மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஊற்றுப்பேனாவின் அமைப்பை அறிந்தோர் அதன் அருமையை உணர்வர். எகிப்தை ஆண்ட பாத்திமியக் கலீபா அல் முயிஸ், மை தன்னுள்ளேயே அடங்கிய எழுதுகோல் ஒன்றைப் பத்தாம் நூற்றாண்டிலேயே செய்வித்தார் எனக் காதி நுஃமான் எழுதிவைத்துள்ளார். ஆயினும் மை தேவைக்கு மிகாமல் இறங்கும் பேனாவை உலகம் எளிதில் அடையவில்லை. நியூயார்க்கின் வாட்டர்மன் 1884இல் உரிமம் பெற்ற அமைப்பே அச்சிக்கலைப் பெரிதும் தீர்த்தது. நிப்பின் அடியில் இருக்கும் நாக்கில் மயிரிழை போன்ற பள்ளங்கள் உண்டு. அவற்றின் வழியே மை இறங்க, இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏறும். பள்ளம் சற்றே அகன்றால் தாளில் மை கொட்டும். குறுகினால் எழுத்து வறளும். கந்தகம் சேர்த்து இறுக்கிய இரப்பராகிய எபனைட்டைக் கடைந்து உடலும் மூடியும் செய்துவிடலாம். நாக்கும் நிப்பும்தான் வித்தை. அவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிட்டால் பேனாவை உள்நாட்டில் பூட்டினோம் எனலாமே ஒழியச் செய்தோம் எனல் ஆகாது.

இரத்தினம் மீண்டும் முயன்றார். முழுதும் தாமே செய்த பேனாவைக் குமரப்பா வழியாகவே அடிகளுக்குச் சேர்ப்பித்தார். 1935ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாளிட்ட மடலில், அப்பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைத்தெருக்களில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் அடிகள் எழுதினார். ஆகா ஓகோ என்ற புகழுரை இல்லை. தோன்றுகிறது என்று மட்டுமே உள்ளது. கணக்காய்வாளரின் சான்றிதழ் போன்ற இந்த அடக்கம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒரு பொருளை வாங்குவோன் அதன் விலையை மட்டும் பார்த்தல் போதாது, அது யார் கையால், எவருடைய வயிற்றில் அடித்து உருவானது என்பதையும் ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயாதவன் அக்கொடுமையில் பங்காளி ஆகிறான் என்பது குமரப்பாவின் கோட்பாடு. அவர்தம் எழுத்துகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. கடைத்தெருவின் தணிக்கையும் இதுவே. பேனா நன்றாக எழுதுகிறதா என்பது அத்தணிக்கையின் முதற் கேள்விதான். முடிந்த கேள்வி அன்று.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் அப்படியே ஏற்கின்றோம் என்பதில்லை. மூக்கண்டப்பள்ளியில் குடியிருப்போர் அங்ஙனம் ஏற்பதும் கடினம். சிப்காட்டின் ஆலைச் சங்கொலியில் விழித்து, ஆலைக் கூலியில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் நம்மைச் சூழ வாழ்கின்றனர். பேராலைகள் வந்திராவிட்டால் நம் வகுப்பறை இருக்கைகளுட் பல வெறுமையாகவே கிடந்திருக்கும். ஆனால் குமரப்பா எந்திரம் என்றாலே முகம் சுளித்தவர் என்பதும் பிழை. இரத்தினத்தின் பேனா கடைசல் பொறியில் பிறந்ததே அன்றோ! பொறி மனிதனுக்கு உழைக்கிறதா, மனிதன் பொறிக்கு உழைக்கிறானா என்பதே அவர் எழுப்பிய வினா. ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலிகளாய் நிற்கும் நம் பழைய மாணவரைக் காணும்போது அவ்வினா நம் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கத்தான் செய்கிறது.

மையின் கதையும் அக்காலத்ததே. காந்தியடிகள் விரும்பியவாறு உள்நாட்டு மையை வகுத்தவர் வங்கத்து வேதியியலறிஞர் சதீசு சந்திர தாசுகுப்தா. அவ்வழியில் மைத்திர உடன்பிறந்தார் 1934இல் தொடங்கியதே சுலேகா மை. அடிகளோ நாணற் பேனாவையும் விரும்பி எழுதியவர். நம் வீட்டுப் பெரியோர் எழுதுகோலைக் கலம் என்றே வழங்கினர். நாணலைச் சீவி, மரப்பலகையில் எழுதிக் கழுவி, மீண்டும் எழுதிய தலைமுறை அது. அந்தக் கலத்துக்கு உதிரி உறுப்பு என எதுவும் வேண்டுவதில்லை; ஒரு கத்தி போதும்.

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, சபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று ஏசு பெருமானின் போதனையும் வாழ்வும் பற்றியது. மற்றொன்று நிலைபேறுடைய பொருளியல் பற்றியது. பின்னதைப் படித்த காந்தியடிகள், கிராமத் தொழில்களின் முனைவர் என்று வேடிக்கையாக அவருக்குப் பட்டமே அளித்தார். விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பதவி நாடவில்லை. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 சனவரி 30ஆம் நாள், அடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் உயிர் நீத்தார்.

இரத்தினத்தின் வழியினர் கோதாவரிக் கரையில் இன்றும் எபனைட் பேனாக்களைக் கையால் கடைந்து தருகின்றனர். சுலேகா இடையில் மூடப்பட்டு மீண்டும் எழுந்து 2020இல் மைபுட்டிகளை மறுபடியும் சந்தைக்குக் கொணர்ந்தது. நாம் மாணவராயிருந்தபோது வாங்கியது பிரில் மை. பில்லரால் உறிஞ்சி, ஒவ்வொரு சொட்டாக நிரப்பிய அந்தக் காலை வேளைகள் நம் நினைவில் உள்ளன. இன்றும் விடைத்தாள் திருத்துவது எபனைட் பேனாவால்தான்.

சென்ற ஆண்டு அதன் மூடி கீழே விழுந்து உடைந்தது. நம் தெருக்கோடியில் உள்ள லேத்துப் பட்டறை இளைஞரிடம் காட்டினோம். அவர் வண்டி உதிரிகளுக்கு மரை வெட்டுபவர். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நுண்ணிய மரையை இரப்பரில் யார் வெட்டியது என்று வினவினார். இரண்டு நாள் கழித்து மூடி வந்தது. கூலி வாங்க மறுத்தவர், ஒருமுறை எழுதிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். கையில் படிந்திருந்த எண்ணெயை உடையில் துடைத்துக்கொண்டு, பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் பின்புறம் தம் பெயரைத் தெலுங்கில் எழுதினார்.