உள்ளப்பிணி தீர்த்த பினெல்

உடலைப் பற்றிய பிணியைக் கண்டு இரங்குவோரும், உள்ளத்தைப் பற்றிய பிணியைக் கண்டால் அஞ்சி விலகுவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் இந்நிலை மிகக் கொடியதாய் இருந்தது. சித்தம் கலங்கியோரை இருளறைகளில் அடைத்தனர், சங்கிலியால் பிணித்தனர், குருதியை வடித்தும் அடித்தும் வருத்தினர். அவர்களும் மாந்தரே என்பதை உணர்த்திய பெருந்தகையாருள் ஒருவர் பிலிப் பினெல் ஆவார்.

பினெல் 1745-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் மருத்துவர் குடியொன்றில் தோன்றினார். துலூஸ் நகரில் மருத்துவம் பயின்று, 1773-இல் பட்டம் பெற்றார். 1778-இல் பாரிஸ் மாநகரை அடைந்தார். ஆயின், அந்நகர மருத்துவக் கழகத்தார் அவர் பட்டத்தை ஏற்றிலர். அதனால், அவர் பல்லாண்டுகள் நூல்களை எழுதியும் மொழிபெயர்த்தும் காலங்கழித்தார். அந்நாளில் அவர்தம் நண்பர் ஒருவர் மனநோயுற்று மாண்டார். அத்துயரமே அவரை மனநோய் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

1793-இல் பினெல், பாரிஸை அடுத்த பிசேத்தர் மருத்துவமனையில் மருத்துவராய் அமர்ந்தார். அங்கு மனநோயாளரைக் காத்து வந்தவர் புசேன் என்பார். அவர் தோல் பதனிடும் தொழிலர், முன்னர் அம்மனையிலேயே நோயாளியாய்க் கிடந்து நலம் பெற்றவர், மருத்துவம் கல்லாதவர். எனினும், நோயாளரை அடித்தலாகாது என்பதும், இன்சொல்லும் உறுதியுமே அவர்களை அடக்கும் என்பதும் பட்டறிவால் உணர்ந்தவர். கற்றுத் துறைபோய பினெல், செருக்குச் சிறிதுமின்றி அவர்பால் கற்றார். நோயாளரோடு அமர்ந்து உரையாடினார். ஒவ்வொருவர் வரலாற்றையும் நோயின் போக்கையும் குறித்து வைத்தார். பரிவும் ஒழுங்கும் ஏற்ற உழைப்பும் பலரைத் தெளிவித்தலைக் கண்டார்.

1795-இல் பினெல், பெண்டிர்க்குரிய சால்பேத்ரியேர் மருத்துவமனைக்குச் சென்றார். 1797-இல் புசேன் பிசேத்தரில் விலங்குகளை அகற்றினார். கட்டுக்கடங்காதோர்க்கு மட்டும் கைகளைப் பிணிக்கும் துணிச்சட்டையை அணிவித்தார். பின்னர்ச் சால்பேத்ரியேரிலும் விலங்குகள் நீங்கின. தம் ஆய்வுகளைத் தொகுத்துப் பினெல் இயற்றிய நூல் 1801-இல் வெளிவந்தது. மனநோய் மருத்துவத்திற்கு அஃது அடிப்படையாயிற்று.

பிசேத்தரில் விலங்கொடித்த புகழையும் உலகம் பினெலுக்கே சூட்டியது. அவரோ, தம் நூலின் 1809-ஆம் ஆண்டுப் பதிப்பில், அச்செயல் புசேனுடையதே என எழுதி வைத்தார். பிறர்க்குரிய புகழைத் தமதாக்கிக் கொள்ளாத அவ்வுள்ளமே, பிறர் துன்பத்தைச் செவிமடுக்கவும் வல்லதாயிற்று. 1826-இல் பினெல் இவ்வுலக வாழ்வை நீத்தார். கலங்கிய மனத்தார் சொல்லையும் பொறுமையுடன் கேட்டல் வேண்டும் என்னும் அவர்தம் நெறி இன்றும் நின்று நிலவுகின்றது.