நாவெழாத பாரிஸ்டர்

கல்லூரிப் பட்டம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும், உத்தியோகமும் உயர்வும் தாமே தேடி வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பட்டம் அவசியம்தான். ஆனால் அச்சமின்றிப் பேசும் ஆற்றல், பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் குணம், பலரோடும் இணங்கிப் பணியாற்றும் பண்பு ஆகியவை இல்லாவிடில் பட்டம் பெட்டிக்குள் உறங்க வேண்டியதுதான். மென்திறன்கள் எனப்படும் இவற்றைப் பட்டம் பெற்ற பிறகே அரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்டார் ஒருவர். அவர்தாம் நம் தேசப்பிதா காந்தியடிகள்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். பள்ளி விட்டதும், யாரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து வீட்டுக்கு ஓடிவிடுவார். 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். கூச்சமும் கூடவே கப்பலேறியது. சைவ உணவைப் பரப்பும் கூட்டம் ஒன்றில், எழுதி வைத்திருந்த ஒரு பக்க உரையைப் படிக்க எழுந்தார். கண் மங்கியது, உடல் நடுங்கியது. நண்பர் ஒருவர்தாம் அதை வாங்கிப் படித்தார்.

1891 ஜூன் மாதம் பாரிஸ்டர் ஆகித் தாயகம் திரும்பினார். அன்னை புத்லிபாய் காலமான செய்தி அவருக்காகக் காத்திருந்தது. கடன்பட்டுப் படிக்க வைத்த தமையனார் தம்பியைப் பெரிதும் நம்பியிருந்தார். மனைவியும் குழந்தையும் வேறு இருந்தனர். பம்பாய் சென்ற அவருக்கு ஒரு சிறு வழக்கு கிடைத்தது. கூலி முப்பது ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெட்கத்தோடு வெளியேறினார். பிறகு எழுபத்தைந்து ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மனுச் செய்தார். பி.ஏ. படிக்கவில்லை என்று அதுவும் கைவிட்டுப் போயிற்று. கடல் கடந்து பெற்ற பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை!

1893இல் தாதா அப்துல்லா என்ற வணிகரின் வழக்குக்கு உதவத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு இருந்தும் நிறத்தின் காரணமாக ரயிலிலிருந்து தள்ளப்பட்டதை நாம் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் அதன்பின் நடந்தவை நம்மில் பலருக்குத் தெரியாது.

பிரிட்டோரியாவை அடைந்ததும் அங்கிருந்த இந்தியரைக் கூட்டிப் பேசினார். வணிகத்தில் நேர்மை வேண்டும், சுத்தம் வேண்டும், மத பேதம் கூடாது என்று எடுத்துரைத்தார். அவருடைய வாழ்வின் முதல் மேடைப் பேச்சு அதுதான். நா இப்போது மட்டும் எப்படி எழுந்தது? அதுவரை தம்மை எண்ணிக் கூசியவர், அன்று தம் மக்களின் துயரை எண்ணிப் பேசினார். பேசியதோடு நிற்கவில்லை. ஆங்கிலம் கற்க விரும்பிய ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு கடைக்காரர் ஆகிய மூவருக்கும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே சென்று பாடம் சொன்னார்.

அவர் வந்த வழக்கு முழுவதும் கணக்கைப் பற்றியது. அவருக்கோ கணக்கு வைக்கும் முறை தெரியாது. பாரிஸ்டர் என்ற பெருமை பாராமல் ஒரு புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டார். வழக்காடிய இருவரும் உறவினர், ஓர் ஊர்க்காரர். வழக்கு நீண்டால் இருவருமே அழிவர் என்பதைக் கண்டு, இருவரிடமும் பேசி மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். அப்துல்லா வென்றார். தோற்றவர் 37,000 பவுனை ஒரே தடவையில் கட்டினால் ஓட்டாண்டியாகிவிடுவார். ஆகவே சிறு சிறு தவணைகளாகப் பெற்றுக்கொள்ள அப்துல்லாவை இசையவைத்தார். வென்றவரை விட்டுக்கொடுக்கச் செய்வது எளிதா? பிளந்த இருவரைச் சேர்த்து வைப்பதே வழக்கறிஞரின் உண்மைத் தொழில் என்று அன்று உணர்ந்தார்.

1894இல் நேட்டாலில் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி, எஜமானன் அடித்து முன்பற்கள் உடைந்த நிலையில், கிழிந்த ஆடையுடன் அழுதுகொண்டு வந்தார். தலைப்பாகையைக் கையில் பிடித்திருந்தார். முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தம் தமிழ்க் குமாஸ்தாவின் மூலம் அவர் கதை முழுவதையும் கேட்டறிந்து, மருத்துவரிடமும் நீதிபதியிடமும் அனுப்பி, வேறு எஜமானரிடம் மாற்றிவிட்டார். அச்செய்தி தொழிலாளரிடையே பரவியது. தங்களுக்காகக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவர்கள் நம்பத் தொடங்கினர். பின்னர் அவர்களுக்காகவே தமிழும் கற்க முயன்றார்.

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அண்ணல் மறையும்வரை கோடிக்கணக்கான மக்கள் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தனர். இளமைக் கூச்சம், சொற்களை அளந்து பேசும் பழக்கமாக அவரிடம் கனிந்திருந்தது.

தோழியரே! இலக்கிய மன்றத்தில் பெயர் கூப்பிட்டால் முன்னிருப்பவள் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்பவர்கள்தாமே நாம்! இவ்வாண்டு நம்மில் பலர் இப்பள்ளியை விட்டுப் பிரிகிறோம். மேற்படிப்புக்கும் வேலைக்கும் போகுமிடத்தில் நம் மதிப்பெண்ணை ஒரு முறை பார்ப்பார்கள். நம் சொல்லையும் பழகும் விதத்தையும் தினந்தோறும் பார்ப்பார்கள். முழங்கால் நடுங்கினாலும் எழுந்து நிற்போம். வாய் பேசும் முன் செவி கொடுப்போம். சண்டையிட்ட இரு தோழியரைச் சேர்த்து வைப்போம். நம்மை மறந்து பிறருக்காகப் பேசத் தொடங்கினால் நமக்கும் நா எழும்.