உலகையே பலிபீடமாகக் கண்ட குரு

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழா. அன்று மாலை நியூயோர்க் நகரில், தமக்கு அறிமுகமான ஒருவரின் இல்லத்தில் அமர்ந்திருந்த 73 வயதுக் குருவானவர் ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்து உயிர்நீத்தார். அவரது அடக்கச் சடங்கிற்கு வந்தோர் மிகச் சிலரே. இறைவனையும் உலகையும் பற்றி அவர் எழுதிய பெரு நூல்களுள் ஒன்றேனும் அதுவரை அச்சேறியிருக்கவில்லை. அவரே இயேசு சபைத் துறவியும் புவிச்சரிதவியல் அறிஞருமான பியர் தெயார் தெ ஷார்தன்.

பிரான்ஸ் நாட்டின் ஓவேர்ன் பிரதேசத்தில் 1881ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி அவர் பிறந்தார். திருச்சபையைக் கடுமையாகச் சாடிய வோல்த்தேயரின் உறவுவழியில் வந்தவர் அவரது தாயார். அந்தத் தாயாரே மகனுக்கு இயேசுவின் திரு இருதய பக்தியை ஊட்டினார் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். சிறுவயதில், என்றும் அழியாத பொருளொன்று தமக்கு வேண்டுமென விரும்பி, இரும்புத் துண்டொன்றைப் பொக்கிஷமாகப் பேணி வந்தார். ஒருநாள் இரும்பும் துருப்பிடிக்கும் என்று கண்டு தேம்பி அழுதார். அழியாததைத் தேடும் அந்தத் தாகம் பின்னரும் அவரை விடவில்லை.

1899இல் இயேசு சபையில் சேர்ந்து 1911இல் குருவானார். முதலாம் உலகப் போரில், காயமுற்றோரைச் சுமந்து செல்லும் ஊழியராக மொரோக்கோ வீரர்களோடு போர்முனையில் நின்றார். அப்போரிலே தம் சகோதரர் இருவரை இழந்தார். இத்துணை சாவைக் கண்ட ஒருவர் உலகின்மீது நம்பிக்கை இழந்திருந்தால் நாம் குறைகூற முடியுமா? அவரோ, படைப்பு இன்னும் நிறைவுறவில்லை என்றே கண்டார். சடப்பொருளிலிருந்து உயிரும், உயிரிலிருந்து சிந்தனையும் தோன்றியதுபோல, சிதறிக் கிடக்கும் மனித உள்ளங்கள் அன்பினால் ஒன்றிணைந்து விழிப்படையும் என நம்பினார். அந்தப் பயணத்தின் முடிவை ஒமேகா என அழைத்தார். அந்த ஒமேகா அவருக்கு உயிர்த்த கிறிஸ்துவே. படைப்பனைத்தின் பேறுகால வேதனையைப் பற்றி உரோமையருக்கு எழுதிய திருத்தூதர் பவுலை நீங்கள் இங்கே நினைவுகூரலாம்.

1923இல் ஆய்வுக்காகச் சீனா சென்றவர், ஓர்டொஸ் பாலைவனத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்க அப்பமும் இரசமும் இன்றி நின்றார். ஆகவே பூமி முழுவதையும் பலிபீடமாக்கி, அன்றைய நாளில் மாந்தர் ஆற்றும் உழைப்பை அப்பமாகவும், அவர்கள் படும் துன்பத்தை இரசமாகவும் தந்தைக்கு உயர்த்தினார். அந்த மன்றாட்டே பின்னர் ‘உலகின்மீது திருப்பலி’ எனப் பெயர் பெற்றது.

சென்மப் பாவம் பற்றி அவர் எழுதிய குறிப்பொன்று ஐயத்தை எழுப்பவே, பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் அவர் வகித்த ஆசிரியப் பதவி பறிபோனது. 1940இல் எழுதி முடித்த ‘மனிதத் தோற்றப்பாடு’ என்னும் நூலை வெளியிட அனுமதி கோரி 1948இல் உரோமைக்கே சென்றார், கிடைக்கவில்லை. சபையை விட்டு விலகுமாறு சிலர் ஆலோசனை கூறியும் அவர் விலகவில்லை, நூலை வெளியிடவுமில்லை. ஆயினும் தம் கையெழுத்துப் பிரதிகளைப் பொதுநிலைப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தார். அதனாலேயே அவர் இறந்த ஆண்டிலேயே அந்நூல் வெளிவந்தது. இதைக் கீழ்ப்படிதலுக்கு மாறானது என்போரும் உளர். உயிரோடிருந்தவரை அவர் சுமந்த மௌனத்தின் பாரத்தையும் அவர்கள் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

1962இல் அவரது நூல்களில் கடும் தவறுகள் உள்ளன என உரோமை எச்சரித்தது. பாவத்தின் கொடுமைக்கு அவர் போதிய இடம் அளிக்கவில்லை என்ற குறையும் ஆதாரமற்றதல்ல. எனினும் 2009இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர், அகிலமே உயிருள்ள பலிப்பொருளாகும் அவரது பார்வையை மெச்சினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது சுற்றுமடலின் அடிக்குறிப்பொன்றில் அவரது பங்களிப்பைக் குறிப்பிட்டார்.

உயிர்ப்புப் பெருவிழா நாளில் இறக்க வேண்டுமெனச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் நண்பர்களிடம் கூறியிருந்தாராம். ஹட்சன் நதிக்கரையில், இயேசு சபையின் பழைய நவசந்நியாச மடத்தின் கல்லறைத் தோட்டத்தில், சக துறவிகளின் வரிசையிலே அவர் துயில்கிறார். அந்த மடம் பின்னர் விற்கப்பட்டு இன்று சமையற்கலைக் கல்லூரியாக இயங்குகிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.